பொட்டலத்தோடு வந்து சேரும் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தடய அறிவியல் ஆய்வகங்களில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதையும், பணியிடங்கள் பல நிரப்பப்படாமல் இருப்பதையும் சுட்டிக்காட்டித் தங்கள் நாளிதழ் அண்மையில் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். ஆள் வேண்டும், கருவி வேண்டும், கட்டடம் வேண்டும் என்று அதில் கேட்டிருப்பவை அனைத்தும் நியாயமானவை. அவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் மனத்தைப் பற்றி அந்தத் தலையங்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ஓர் அரசு ஆய்வகத்தின் ஆவணப் பிரிவில் 31 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். கையெழுத்து மெய்யா போலியா என்று சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. அந்த வேலையில் கண்ட ஒன்றைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காவல் நிலையத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ ஆய்வகத்துக்கு வரும் பொட்டலம் அரக்கு முத்திரையுடன்தான் வரும். முத்திரை சரியாக இருக்கிறதா, மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் குறித்த பிறகே அதைப் பிரிப்போம். உள்ளே சர்ச்சைக்குரிய ஆவணம் இருக்கும். அதில் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘கியூ-1’ என்று குறித்திருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கையெழுத்துகள் ‘எஸ்-1’, ‘எஸ்-2’ என்று வரிசையாக இருக்கும். அரக்கு உடையாமல் வந்ததா என்பதில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாங்கள், அந்த அரக்குக்கு வெளியே பொட்டலத்தோடு சேர்ந்து வரும் கவரிங் லெட்டரைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. வழக்கின் சுருக்கம் அதில் இருக்கும். பல நேரங்களில் முதல் தகவல் அறிக்கையின் நகலும் இணைக்கப்பட்டிருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் எப்படிப்பட்டவர், முன்பு என்னென்ன செய்திருக்கிறார், விசாரணையில் எதை ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் எழுதியிருக்கும். கடைசி வரியில், இந்தக் கையெழுத்தைப் போட்டவர் இவரே என்பதை ‘உறுதி செய்து’ அறிக்கை அனுப்பவும் என்று முடித்திருப்பார்கள். ‘ஆராய்ந்து’ என்று எழுதிய விசாரணை அதிகாரிகளும் உண்டு. எண்ணிக்கையில் அவர்கள் குறைவு.

அந்தக் கடிதம் என்னை என்ன செய்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் உயில் எங்களிடம் பரிசோதனைக்கு வந்தது. எண்பது வயதைக் கடந்த ஒரு தமிழ் அம்மாள், நகரின் விளிம்பில் இருந்த வீட்டு மனையை மூத்த மகனுக்கு எழுதி வைத்து, அடியில் தமிழில் கையெழுத்திட்டிருந்தார். அது போலிக் கையெழுத்து என்று இளைய மகன் புகார் கொடுத்திருந்தார். மூத்தவர் தாயைச் சரியாகக் கவனிக்கவில்லை, கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்விட்டார், அங்கேயே அந்த அம்மாள் இறந்துபோனார் என்று கவரிங் லெட்டரில் விரிவாக எழுதியிருந்தது. அந்த மாதங்களில் என் தாயாரும் படுக்கையில் இருந்தார். காலையில் அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் நான் அலுவலகத்துக்குக் கிளம்புவேன். கடிதத்தைப் படித்ததும் அந்த மூத்த மகன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது.

நுண்ணோக்கியில் பார்த்தபோது கோடுகளில் நடுக்கம் தெரிந்தது. எழுத்துக்கு நடுவே இரண்டு இடங்களில் பேனா தூக்கப்பட்டிருந்தது. ஒப்பீட்டுக்கு வந்த கையெழுத்துகளோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வங்கி அட்டையிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் நடுக்கமே இல்லை. பார்த்துப் பார்த்து வரைகிறவனின் கை நடுங்கும் என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. ஆகவே போலி என்று முடிவு செய்தேன். ஆனால் ஒன்று இடித்தது. மெய்யெழுத்தின் புள்ளியை அந்த அம்மாள் எழுத்தின் தலைமேல் வைக்காமல், வலப்பக்கம் தள்ளி ஒரு சிறு கீற்றாக இழுத்துவிடுவார். பழைய கையெழுத்துகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. உயிலிலும் அப்படியே இருந்தது. ஒருவருடைய கைப்பழக்கத்தைக் காட்டும் இதுபோன்ற அடையாளம் கிடைத்தால் மற்ற நாளில் துள்ளிக் குதித்திருப்பேன். அன்று என் குறிப்பேட்டில், ‘போலி செய்தவர் புள்ளியையும் கவனித்துப் பின்பற்றியிருக்கிறார்’ என்று எழுதினேன்.

என் அறிக்கையின் வரைவை மறுபரிசோதனை செய்யவேண்டிய மூத்தவர் ஒரு விநோதமான பழக்கம் உடையவர். கவரிங் லெட்டரையும் என் குறிப்புகளையும் மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்காருவார். நாங்கள் அதைக் கிழவரின் கிறுக்கு என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதுண்டு. அன்று அவர் என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். “உயில் எழுதியபோது இந்த அம்மாவுக்கு வயது எத்தனை? அதே ஆண்டில் அவர் போட்ட கையெழுத்து எங்கே?” இந்த இரண்டும் பயிற்சிக் காலத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டவை. சம காலத்துக் கையெழுத்து இல்லாமல் முதியவர்களின் கையெழுத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக்கூடாது. எனக்குத் தெரியாத விதியன்று அது. அன்றைக்கு என் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

எழுதிக் கேட்டோம். நான்கு மாதம் கழித்து, உயில் எழுதிய அதே ஆண்டில் அந்த அம்மாள் குடும்ப ஓய்வூதியத்துக்காகக் கையெழுத்திட்ட தாள்கள் வந்தன. அதே நடுக்கம், அதே இடங்களில் பேனா தூக்கல், அதே கீற்று. வரைந்து எழுதுகிறவனின் நடுக்கம் அவன் தயங்கும் வளைவுகளில் வரும். அவன் தரும் அழுத்தம் ஏறி இறங்காது. கோட்டின் தொடக்கமும் முடிவும் மழுங்கியிருக்கும். மூப்பின் நடுக்கம் அப்படியன்று. கோடு தள்ளாடும், ஆனால் கை போகவேண்டிய வழியை மறக்காது. இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்தவள்தான் நான். கையெழுத்து அந்த அம்மாளுடையதே என்று அறிக்கை போயிற்று. மூத்த மகன் நல்ல மகனா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஒருவேளை கடிதத்தில் எழுதியிருந்தபடி கெட்ட மகனாகவேகூட இருந்திருக்கலாம். என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அதுவன்று.

இதே தவறைப் பெரிய அளவில் செய்தவர் ஒருவர் உண்டு. 1894-இல் பிரான்சில் ராணுவ அதிகாரி ட்ரேஃபஸ்மீது உளவுக் குற்றச்சாட்டு வந்தபோது, கைப்பற்றப்பட்ட தாளை முதலில் பார்த்த நிபுணர், இது சந்தேகிக்கப்படுபவர் அல்லாத வேறொருவர் எழுதியதாகவும் இருக்கலாம் என்றார். அந்தப் பதில் பிடிக்காததால் அல்போன்ஸ் பெர்த்தியோனிடம் போனார்கள். உடல் அளவுகளைக் கொண்டு குற்றவாளிகளை அடையாளம் காணும் முறையை வகுத்த பெரிய மனிதர் அவர். ஆனால் கையெழுத்து அவருடைய துறையன்று. எழுத்து ஒத்துப்போன இடங்களை ட்ரேஃபஸின் கைக்குச் சான்று என்றார். ஒத்துப்போகாத இடங்களையும், ட்ரேஃபஸ் தன் கையெழுத்தைத் தானே போலி செய்து மாற்றிய இடங்கள் என்று சொல்லி, அவற்றையும் சான்றாக்கிவிட்டார். கணித அறிஞர் புவங்காரே உள்ளிட்டோர் அந்தக் கணக்கு முழுவதும் பிழை என்று 1904-இல் காட்டினார்கள். 1906-இல்தான் ட்ரேஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் குறிப்பேட்டில் இருந்த அந்தப் புள்ளி வரிதான் ஞாபகத்துக்கு வரும்.

இவற்றையெல்லாம் நேர்மைக் குறைவு என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு அறிக்கையை மாற்றுகிறவன் வேறு வகை. அவனுக்குச் சட்டம் இருக்கிறது. நான் சொல்வது நேர்மையானவருக்கும், தேர்ந்தவருக்கும் நேர்வது. ஒரு விடையை எதிர்பார்த்துக்கொண்டு பார்க்கும் கண், அந்த விடைக்கு ஒத்தவற்றை முதலில் பொறுக்கும். ஒவ்வாதவற்றுக்கு விளக்கம் தேடும். இது நம் அனைவருக்கும் உள்ள இயல்புதான். நிபுணருக்குக் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. மற்றவர்கள் அப்படி ஏமாறலாம், இத்தனை ஆண்டு அனுபவமுள்ள நான் ஏமாறமாட்டேன் என்று அவர் நம்புகிறார்.

அப்போது இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியல் அறிஞர் இட்டியேல் ட்ரோரும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை எளிமையாகக் காட்டியது. அனுபவம் மிக்க ஐந்து விரல்ரேகை நிபுணர்களிடம், சில ஆண்டுகளுக்கு முன் அவர்களே ‘பொருந்துகிறது’ என்று சொல்லியிருந்த ரேகை இணைகளை, அது அவர்களுடைய பழைய வழக்கு என்று சொல்லாமல் திரும்பக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது, இது உலகப் புகழ்பெற்ற ஒரு தவறான அடையாளத்தில் சிக்கிய இணை என்று மட்டும் சொன்னார்கள். பின்னணியை மறந்துவிட்டு ரேகையை மட்டும் பாருங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஐவரில் நால்வர் தங்கள் பழைய முடிவிலிருந்து மாறினார்கள். ஐந்து பேரை வைத்துச் செய்த சிறிய சோதனைதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு விரல்ரேகை அறிவியலே பொய் என்று சொல்வது அநியாயம். அமெரிக்காவில் 169 நிபுணர்களை வைத்து நடத்தி 2011-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், பொருந்தாத ரேகையைப் பொருந்துகிறது என்று சொன்ன தவறு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. அந்த ஆய்வில் நிபுணர்களுக்கு எந்தக் கவரிங் லெட்டரும் வரவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

ட்ரோர் தம் சோதனையில் சொன்ன அந்தப் புகழ்பெற்ற தவறு 2004-இல் நடந்தது. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெடிப்பான்கள் இருந்த ஒரு பையில் கிடைத்த ரேகையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் கணினித் தொகுப்பில் தேடியது. கணினி நீட்டிய 20 பெயர்களில் ஒன்று, ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது. எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் ஒருவர்பின் ஒருவராக அது அவருடைய ரேகையே என்றனர். அவர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பதால்தான் இந்தத் தவறு நேர்ந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். பின்னர் விசாரித்த அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2006-இல் அளித்த அறிக்கை இன்னும் நுட்பமாகச் சொல்கிறது. முதலில் பொருத்திப் பார்த்தபோது நிபுணர்களுக்கு அவர் மதம் தெரியாது. கோடிக்கணக்கான ரேகைகளில் தேடும்போது மிகவும் ஒத்த, ஆனால் வேறான ஒரு ரேகை அகப்பட்டுவிட்டது. அதன் பிறகு அவர்கள் மேஃபீல்டின் தெளிவான ரேகையில் கண்ட புள்ளிகளைப் பையில் இருந்த மங்கலான ரேகையிலும் இருப்பதாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஏப்ரலிலேயே ஸ்பெயின் காவல்துறை பொருந்தவில்லை என்று எழுதியும் அவர்கள் அசையவில்லை. அந்த அசையாமைக்கு அவருடைய மதமும் வழக்கின் மற்ற பின்னணிகளும் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்கிறது அறிக்கை.

இதில் என்னை இன்றும் திடுக்கிட வைப்பது வேறு. மேஃபீல்ட் தரப்புக்காக நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் அதே ரேகையைப் பார்த்து, ஆம், பொருந்துகிறது என்றார். ஏறத்தாழ அதே நேரத்தில்தான் அந்த ரேகை அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடையது என்று ஸ்பெயின் அறிவித்தது. எதிர்த்தரப்புக்கு உதவ வந்தவரையே, முன்னால் சொன்ன மூன்று பேரின் முடிவு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுபரிசோதனை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. முதலாமவரின் கையெழுத்துக்குக் கீழே இரண்டாமவர் கையெழுத்திடுகிறார். எங்கள் மூத்தவர் என் குறிப்புகளை இழுப்பறையில் தள்ளியதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எஃப்.பி.ஐ. மேஃபீல்டிடம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

மரபணுப் பரிசோதனையில் இதற்கெல்லாம் இடமில்லை, அது கணக்கு என்பார்கள். ஒருவருடைய மாதிரி மட்டும் இருக்கும்போது பெரும்பாலும் அது சரிதான். பலருடையது கலந்துவிட்டால் அங்கேயும் கண்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கூட்டு வன்கொடுமை வழக்கில், கலந்த மாதிரியில் குற்றம் சாட்டப்பட்டவருடையதும் இருக்கலாம், அவரை விலக்க முடியாது என்று வழக்கின் பின்னணி தெரிந்த ஆய்வகம் சொல்லியிருந்தது. அதே தரவுகளைப் பின்னணி எதுவும் சொல்லாமல் வேறோர் ஆய்வகத்தின் 17 பேரிடம் கொடுத்தபோது, ஒரே ஒருவர்தான் அந்த முடிவுக்கு வந்தார். 12 பேர் அவரை விலக்கினர். 4 பேர் முடிவு சொல்ல இயலாது என்றனர். 2011-இல் வெளியான ஆய்வு இது.

பெங்களூரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது நார்கோ சோதனையைச் சொல்லாமல் விடமுடியாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாட்டின் எந்த மூலையில் பெரிய வழக்கு என்றாலும் குற்றம் சாட்டப்பட்டவரை இந்த நகரத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். முத்திரைத்தாள் மோசடி வழக்கில் எடுத்த காணொளி தொலைக்காட்சியிலேயே ஓடிற்று. மயக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்பவருக்கு எந்தப் பதில் தேவை என்பது அவர் கேட்கும் கேள்வியிலேயே இருக்கும். பதிலும் அந்தப் பக்கமே சாயும். ஒப்புதல் இல்லாமல் நார்கோ, பொய் கண்டறியும் சோதனை, மூளை வரைபடச் சோதனை ஆகியவற்றைச் செய்யக்கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுகளில் அக்கம்பக்கத்தார் என்னிடம் பெருமையோடு விசாரிப்பார்கள், உங்கள் ஆபீசில் உண்மையை வரவழைக்கும் ஊசி இருக்கிறதாமே என்று. எங்கள் பிரிவில் பூதக்கண்ணாடிதான் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கு நேரில் சென்று தடயங்களைச் சேகரிக்கவேண்டும், அதைக் காணொளியாகப் பதிவு செய்யவேண்டும் என்கிறது; மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுகளுக்குள் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவரலாம். இந்தப் பிரிவை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். காவலர்கள் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்த கத்திகளைப் பார்த்தவள் நான். ஆனால் ஆள் பற்றாக்குறையுள்ள ஆய்வகத்தில் இந்தப் பிரிவு எப்படி நடைமுறைக்கு வரும் என்று யோசித்துப் பாருங்கள். நிகழ்விடத்துக்குப் போகிறவரே மறுநாள் ஆய்வகத்தில் அதே பொட்டலத்தைப் பிரிப்பார். அவர் உடலைப் பார்த்திருப்பார். வாசலில் விழுந்து அழுத தாயைப் பார்த்திருப்பார். ‘இவன்தான் சார், சந்தேகமே வேண்டாம்’ என்று காவல் ஆய்வாளர் காட்டிய ஆளையும் பார்த்திருப்பார். முன்பு தாளில் வந்த கதை இனி நேரில் வரப்போகிறது. கவரிங் லெட்டரைப் படித்ததற்கே நான் அந்தப் பாடுபட்டேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். நிகழ்விடத்துக்குச் செல்பவரும், ஆய்வகத்தில் ஒப்பிட்டுக் கருத்துச் சொல்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பதை மாநில அரசுகள் விதியாகவே எழுதவேண்டும். கர்நாடகத்தில் நிகழ்விடத்துக்கென்று தனி அலுவலர்களை நியமித்திருப்பது இதற்கு நல்ல அடித்தளம். ஆள் போதவில்லை என்ற காரணத்தைச் சொல்லி அந்த எல்லைக்கோட்டை அழித்துவிடாமல் இருக்கவேண்டும். ஆய்வகத்துக்குள்ளும், வரும் கடிதங்களையெல்லாம் ஓர் அலுவலர் படித்து, பரிசோதகருக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வகம் இப்படி நடுவில் ஆட்களை வைத்திருக்கிறது. அங்கே உண்மை வழக்குகளோடு சோதனைக்காகத் தயாரித்த போலி வழக்குகளையும் கலந்துவிடுகிறார்கள். எது எது என்று பரிசோதகருக்குத் தெரியாது. இங்கே தேர்ச்சிச் சோதனை என்றால், தேர்வு என்று முன்பே தெரிந்து எழுதும் தேர்வாகத்தான் என் காலத்தில் இருந்தது. தேர்வு என்று தெரிந்தால் யார்தான் கவனமாக எழுதமாட்டார்கள்?

இதற்கு என் தோழர்கள் சொல்லும் மறுப்பு ஒன்றுண்டு. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளியின் வரலாறு தெரியாமல் மருத்துவர் எப்படி மருந்து கொடுப்பார் என்று கேட்கிறார்கள். பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவருக்கு உடல் எங்கே, எந்த நிலையில் கிடந்தது என்பது தெரியத்தான் வேண்டும். எனக்கும் அந்த அம்மாளின் வயது தேவைப்பட்டது. அவருக்குக் கைநடுக்க நோய் இருந்ததா, படுத்துக்கொண்டு எழுதினாரா, உட்கார்ந்து எழுதினாரா என்பது தேவைப்பட்டது. மூத்த மகனின் குணம் தேவைப்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், தேவைப்பட்ட எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை. தேவைப்படாதது இரண்டு பக்கம் இருந்தது. எல்லாவற்றையும் மறைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை ஒன்று வேண்டும். முதலில் சர்ச்சைக்குரியதை மட்டும் பார்த்துக் கண்டதை எழுதிவிடவேண்டும். பிறகு ஒப்பீட்டு மாதிரியைப் பார்க்கவேண்டும். வேறு விவரம் தேவையானால் அதற்குப் பிறகு கேட்டு வாங்கவேண்டும். பிந்தித் தெரிந்த விவரத்தால் முதலில் எழுதியதை மாற்றினால், மாற்றினேன் என்றும், ஏன் மாற்றினேன் என்றும் கோப்பில் எழுதி வைக்கவேண்டும். இதற்குக் கோடி ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம்.

நிபுணர்களின் மனத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். ‘உறுதியாகக் கருத்துச் சொல்ல இயலவில்லை’ என்று எழுதுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அப்படி எழுதினால் விசாரணை அதிகாரி தொலைபேசியில் வருத்தப்படுவார். மாதக் கணக்கெடுப்பில் அது வேலை செய்யாததுபோலத் தெரியும். இளையவர் என்றால் திறமை போதவில்லை என்ற பேச்சும் வரும். பெரும்பாலான மாநிலங்களில் ஆய்வகங்கள் உள்துறையின் கீழேயே இருக்கின்றன; காவல்துறையும் அதே துறையின் கீழ். யாரும் இப்படி எழுது என்று எனக்கு ஒருநாளும் ஆணையிட்டதில்லை. ஆணையிடவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் சிக்கல். 2013-இல் அமெரிக்காவில், நூறுக்கும் மேற்பட்ட உளவியல், மனநல நிபுணர்களிடம் ஒரே கோப்புகளைக் கொடுத்து, சிலரிடம் நீங்கள் அரசுத் தரப்புக்காகப் பார்க்கிறீர்கள் என்றும், சிலரிடம் எதிர்த்தரப்புக்காகப் பார்க்கிறீர்கள் என்றும் சொன்னபோது, குற்றவாளிகளின் அபாயத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பெண்கள் அமர்த்தியவர் பக்கம் சாய்ந்தன. ஊதியம் தருபவரின் வாசலில் வளர்ந்த பார்வை, நமக்கே தெரியாமல் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நீதிமன்றத்தில் வேறு வகையான நெருக்கடி. அறிக்கை எழுதி ஐந்தாறு ஆண்டுகள் கழித்துச் சம்மன் வரும். இரவு பேருந்தில் மாவட்டத் தலைநகருக்குப் போய்க் கூண்டில் ஏறினால், ‘ஆமா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்’ என்பார் வழக்கறிஞர். ‘இருக்கக்கூடும்’ என்ற சொல்லை எழுதிய மனிதரை ‘ஆம்’ என்று சொல்ல வைத்து அனுப்பிவிடுவார்கள். அந்த ‘ஆம்’ தீர்ப்பில் ஏறிவிடும். முராரிலால் வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பை நான் ஓய்வுபெறும்வரை மேசையில் வைத்திருந்தேன். நிபுணர்கள் பொதுவாக நம்பத் தகாதவர்கள் என்பதால் அன்று, மனிதனின் எந்தத் தீர்மானமும் தவறக்கூடியது என்பதால்தான் நிபுணரின் கருத்தை எச்சரிக்கையோடு அணுகவேண்டும் என்கிறது அது. பார்வையில் குறை இருக்கலாம், எடுத்துக்கொண்ட அடிப்படையில் பிழை இருக்கலாம், நேர்மையாகவே முடிவில் தவறியிருக்கலாம் என்று விரித்தும் சொல்கிறது. நிபுணர்களை இவ்வளவு மரியாதையோடு சந்தேகித்த வேறொரு தீர்ப்பை நான் படித்ததில்லை.

மற்றப் பிரிவுகளில் இருந்தவர்களின் சுமை என்னுடையதைவிடக் கனமானது. நான் காகிதத்தைப் பிரித்தேன். அவர்கள் குழந்தையின் உடுப்பைப் பிரித்தார்கள். உயிரியல் பிரிவில் இருந்த ஓர் இளம் பெண், போக்சோ வழக்குப் பொட்டலங்கள் அடுத்தடுத்து வந்த ஒரு வாரத்தில், மதியச் சாப்பாட்டை மூடியைத் திறக்காமலேயே வீட்டுக்கு எடுத்துச் சென்றதைப் பார்த்திருக்கிறேன். காவலருக்கும் தீயணைப்பு வீரருக்கும் மன அழுத்தம் உண்டு என்று ஊருக்குத் தெரியும். இவர்களுக்கும் உண்டு என்று அலுவலகத்துக்கே தெரியாது. அந்தப் பெண்ணிடம் பேச ஓர் ஆள் இருந்திருக்கவேண்டும். அந்த வாரம் அவர் செய்த பரிசோதனைகளை வழக்கு விவரம் தெரியாத இன்னொருவர் மறுபடி பார்த்திருக்கவும் வேண்டும். குழந்தைக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்று துடிக்கும் மனம் நல்ல மனம். ஆனால் ஒரு கறையைப் பார்த்து அது என்ன என்று சொல்லும் நேரத்தில் அந்தத் துடிப்பு கண்ணில் இருக்கக்கூடாது. அதற்காக அந்தப் பெண்ணையும் குற்றம் சொல்லமாட்டேன், என்னையும் சொல்லிக்கொள்ளமாட்டேன். அந்தத் துடிப்பு பரிசோதனை மேசைவரை வராமல் ஏற்பாடு செய்து தரவேண்டியது அலுவலகம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ‘தடயவியல் சோதனையில் உறுதி’ என்று குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்பே தலைப்பு வருகிறது. அதே வழக்கில் இரண்டாவதாகப் பொட்டலம் பிரிக்கப்போகிறவரும் காலையில் காபியோடு அதைத்தான் படிக்கிறார். அறிக்கையில் உள்ளது ‘பொருந்துகிறது’ என்பதா, ‘விலக்க முடியவில்லை’ என்பதா என்று செய்தியாளர் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதினால் போதும். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

கவரிங் லெட்டருக்குப் பதிலாக இரண்டு தாள்கள் கொண்ட ஒரு படிவத்தை நானே வரைந்து, பணியில் இருந்தபோது மேலிடத்துக்குக் கொடுத்தேன். வெள்ளைத் தாளில் ஆவணத்தின் விவரம், எழுதியவரின் அப்போதைய வயது, உடல்நிலை, எழுதிய பேனா கிடைத்ததா, சம காலக் கையெழுத்து இணைக்கப்பட்டுள்ளதா, கேட்கப்படும் கேள்வி என்ன என்பவை இருக்கும். மஞ்சள் தாளில் வழக்கின் கதை முழுவதும் இருக்கும்; அது ஒட்டப்பட்ட உறையில் கோப்போடு இருக்கும், அறிக்கையில் கையெழுத்தான பிறகே பிரிக்கப்படும். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அதன் நகல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது; புதிய சட்டத்துக்காக விதிகளை எழுதிக்கொண்டிருப்பவர்கள் யாரேனும் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவணப் பரிசோதகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.